பிழை எங்கே போய்ச் சேர்கிறது? நட்சத்திரப் பலபடிகளும் கட்டுக்குள் வந்த தனி உறுப்புகளும்

பாலிஸ்டைரீன் சங்கிலி ஒன்றை நான்கு சம துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் ஒரு முனையையும் ஒரே புள்ளியில் சேர்த்துக் கட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். எடை மாறவில்லை, அணுக்களும் மாறவில்லை. வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதற்கு 1949இல் ஸிம், ஸ்டாக்மேயர் இருவரும் எளிய கணக்கொன்றைத் தந்தார்கள். கைகளின், அதாவது மையத்தில் கட்டிய துண்டுகளின், எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி, இரண்டைக் கழித்து, வருவதை எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அதே எடையுள்ள நேர்ச் சங்கிலியோடு ஒப்பிட, நட்சத்திர மூலக்கூறின் ஆர வர்க்கச் சராசரி எத்தனை பங்கு என்பது கிடைத்துவிடும். நான்கு கைகளுக்கு 0.625. ஆறு கைகளுக்கு 0.44. இருபத்தொரு கைகளுக்கு 0.14க்குச் சற்றுக் குறைவு. கைகள் கூடக்கூட மூலக்கூறு தன் மையத்தை நோக்கி ஒடுங்குகிறது.

கரைசலில் இந்த ஒடுக்கம் பாகுத்தன்மையைக் குறைக்கும். உருகலிலோ கதை தலைகீழ். நீண்ட நேர்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும்போது ஒவ்வொன்றும் தன் நீளவாக்கிலேயே பாம்பு போல ஊர்ந்து வெளியேறும் என்று 1971இல் டி ஜென் காட்டினார். நட்சத்திரத்தால் அப்படி ஊர முடியாது, ஏனென்றால் மையம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு கை இடம் மாற வேண்டுமானால் மையம்வரை பின்வாங்கி, புதிய வழியில் மறுபடி நீள வேண்டும். கை நீளமாக ஆக அதற்கான வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில் குறைகிறது, பாகுத்தன்மை அதே வேகத்தில் ஏறுகிறது. ஆகவே ஒரே பொருள் கரைசலில் இளகியும் உருகலில் இறுகியும் நிற்கும். எண்ணெய்ப் பொறியாளர் முதல் மருந்து ஆய்வாளர்வரை பலரும் நட்சத்திரப் பலபடிகளைத் தேடி வருவதற்கு இதுவே அடிப்படை.

இந்த வடிவத்தை, இணையற்ற எலக்ட்ரானுள்ள தனி உறுப்புகளைக் கொண்டு எப்படிக் கட்டுவது, கட்டியது சரியாக அமைந்ததா என்று எப்படி அறிவது என்ற இரண்டு கேள்விகளை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. முதல் கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் ஏராளமான விடைகள் வந்துவிட்டன. இரண்டாவது கேள்விக்குக் கொடுக்க வேண்டிய கவனத்தைப் பல ஆய்வுகள் கொடுப்பதில்லை என்பது என் மதிப்பீடு. அதற்கான காரணம் நட்சத்திர வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதல் நட்சத்திரங்கள் தனி உறுப்புகளால் பிறந்தவை அல்ல. 1948இல் ஷேஃப்ஜெனும் பால் ஃப்ளோரியும், நான்கு அல்லது எட்டு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் கொண்ட மையத்தைச் சுற்றிக் கேப்ரோலாக்டமைப் பலபடியாக்கி, பல கை நைலான் மூலக்கூறுகளைச் செய்தார்கள். 1956இல் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் உயிர்ப்புள்ள எதிரயனிப் பலபடியாதலை அறிவித்த பிறகுதான் கைகளின் நீளத்தை ஒரே அளவில் நிறுத்தும் கலை கைவந்தது. பியூட்டைல்லித்தியம் தொடங்கிவைத்த பாலிஸ்டைரீன் சங்கிலிகளைச் சிலிக்கான் டெட்ராகுளோரைடோடு சேர்த்தால் நான்கு கை. அதே சங்கிலிகளுக்குச் சிறிது டைவினைல்பென்சீன் ஊட்டினால், முனைகள் ஒரு முடிச்சாகப் பின்னிக்கொண்டு பல கை நட்சத்திரம் ஆகிவிடும். இந்த வழியின் உச்சம் என்று நான் கருதுவது 1993இல் ரூவர்ஸ், ஹட்ஜிகிறிஸ்டிடிஸ் ஆகியோரின் கூட்டுக்குழு செய்த 64 கை, 128 கை பாலிபியூட்டாடையீன் நட்சத்திரங்களை. அந்தத் துல்லியத்தைத் தனி உறுப்பு வேதியியல் இன்றுவரை எட்டவில்லை.

அப்படியிருக்க எதிரயனி வழியை விட்டு ஏன் வெளியே வர வேண்டும்? ஈரத்தின் சுவடோ ஆக்சிஜனின் சுவடோ பட்டால் எதிரயனி செத்துவிடும். கண்ணாடிக் கருவிகளை உயர் வெற்றிடத்தில் உருக்கி மூடி வேலை செய்ய வேண்டும். ஹைட்ராக்சில், அமீன், அமிலத் தொகுதிகள் உள்ள ஒற்றைப்படிகளை அப்படியே பயன்படுத்தவே முடியாது. மருந்தை ஏந்திச் செல்லும் மூலக்கூறுக்கும் நீரில் கரையும் மூலக்கூறுக்கும் வேண்டியவை அந்தத் தொகுதிகள்தான். தனி உறுப்போ நீரைப் பொருட்படுத்தாது, பெரும்பாலான வேதித் தொகுதிகளோடும் ஒத்துப்போகும். ஆனால் அதற்கென்று ஒரு நோய் உண்டு. இரண்டு தனி உறுப்புகள் சந்தித்தால் இரண்டும் அழியும். வழக்கமான தனி உறுப்புப் பலபடியாதலில் ஒரு சங்கிலியின் ஆயுள் ஏறத்தாழ ஒரு விநாடி. அதற்குள் ஆயிரக்கணக்கான ஒற்றைப்படிகளை விழுங்கி வளர்ந்து முடிந்துவிடும். அப்படிப்பட்ட வேகத்தில் வடிவத்தைத் திட்டமிட இடமே இல்லை.

கட்டுப்பாடு என்று நாம் சொல்வது இந்த ஒரு விநாடியைப் பல மணி நேரத்துக்குப் பரப்புவதுதான். சங்கிலி முனையை ஒரு மூடியால் அடைத்து உறங்க வைக்கிறோம். மூடி அவ்வப்போது திறக்கும், முனை சில ஒற்றைப்படிகளைச் சேர்த்துக்கொள்ளும், உடனே மூடிக்கொள்ளும். எந்தக் கணத்திலும் மிகமிகச் சில முனைகளே விழித்திருப்பதால் இரண்டு விழித்த முனைகள் சந்திப்பது அரிதாகிறது. 1982இல் ஜப்பானில் ஓட்சு டைதயோகார்பமேட்டுகளைக் கொண்டு இந்த எண்ணத்தின் முதல் வடிவத்தை முன்வைத்தார். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்தில் சாலமன், ரிஸார்டோ குழுவினர் நைட்ராக்சைடு மூடிகளுக்கு 1980களின் நடுவில் காப்புரிமை பெற்றார்கள். 1993இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஜார்ஜஸ் குழு, டெம்போ என்னும் நைட்ராக்சைடைக் கொண்டு சீரான நீளமுள்ள பாலிஸ்டைரீனைச் செய்துகாட்டியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1995இல் கியோட்டோவில் சவமோட்டோ ருத்தேனியத்தையும், பிட்ஸ்பர்க்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாத்தியாஷெவ்ஸ்கி தாமிரத்தையும் கொண்டு தனித்தனியாக ஒரே கொள்கையை நிறுவினார்கள். ஆலசன் அணுவை மூடியாக வைத்து, உலோக அயனி அதை எடுப்பதும் திருப்பித் தருவதுமாக நடக்கும் வினை அது. ஆய்வகப் பேச்சில் ஏடிஆர்பி. 1998இல் மறுபடி சிஎஸ்ஐஆர்ஓவிலிருந்து ராஃப்ட் வந்தது. இதில் உலோகம் இல்லை. கந்தகம் கொண்ட ஒரு தொகுதி சங்கிலிக்குச் சங்கிலி கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இந்த மூன்று வழிகளிலும் அழிவு குறைகிறதே தவிர நிற்பதில்லை. நேர்ச் சங்கிலி செய்கிறவருக்கு அது பெரிய கவலை இல்லை. நட்சத்திரம் செய்கிறவருக்கு எல்லாமே அதுதான்.

மையத்திலிருந்து கைகளை வெளிநோக்கி வளர்ப்பதே முதலில் தோன்றும் வழி. பல தொடக்கிகள் ஒட்டிய ஒரு சிறு மூலக்கூறை எடுத்துக்கொண்டு ஒற்றைப்படியை ஊட்ட வேண்டியதுதான். கிரெய்க் ஹாக்கர் 1990களின் நடுவில் மூன்று நைட்ராக்சைடு முனைகள் கொண்ட மையத்திலிருந்து மூன்று கை பாலிஸ்டைரீனை வளர்த்தார். மாத்தியாஷெவ்ஸ்கி குழு ஆறு புரோமோமெத்தில் தொகுதிகள் உள்ள பென்சீன் வளையத்திலிருந்து ஆறு கைகளை வளர்த்தது. பிரான்சில் க்னானூவின் குழுவும் ஜப்பானில் சவமோட்டோவின் குழுவும் காலிக்ஸ்அரீன் வளையத்தை மையமாக்கி எட்டுக் கைகள்வரை போனார்கள். இன்று எந்த ஆய்வகத்திலும் எளிதில் கிடைக்கும் மையம் பென்டாஎரித்ரிட்டால். அதன் நான்கு ஹைட்ராக்சில்களையும் புரோமோஐசோபியூட்டைரைல் புரோமைடோடு வினைப்படுத்தினால் நான்கு கைக்கான ஏடிஆர்பி தொடக்கி தயார். இங்கிலாந்தின் வாரிக்கில் ஹாடில்டன் குழு சர்க்கரைகளின் பக்கம் போனது. பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது ஏழு குளுக்கோஸ் அலகுகள் சேர்ந்த வளையம், ஒவ்வொன்றிலும் மூன்று ஹைட்ராக்சில்கள். ஆகவே இருபத்தொரு கை நட்சத்திரத்துக்கான மையம் இயற்கையிலேயே கிடைத்துவிடுகிறது. இந்த எளிமை என்னை எப்போதும் கவர்ந்திருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். வினை முடியும்போது சங்கிலி முனைகளில் நூற்றுக்கு இரண்டு, வேறொரு முனையோடு இணைந்து அழிந்திருக்கிறது என்று கொள்வோம். ஒரே முனை வளரும் நேர்ச் சங்கிலிகளில் நூற்றுக்கு இரண்டுதான் கெட்டவை. கருவியில்கூட அவ்வளவாகத் தெரியாது. ஆறு கை நட்சத்திரத்தில் ஆறும் தப்பிப் பிழைத்தால்தான் அது முழு நட்சத்திரம். அப்படித் தப்பாதவை நூற்றுக்குப் பதினொன்று. இருபத்தொரு கைகளில் நூற்றுக்கு முப்பத்தைந்து. கெட்டது என்றால் வெறுமனே வளர்ச்சி நின்றது என்று பொருளல்ல. இரண்டு நட்சத்திரங்களின் முனைகள் சந்தித்து இணைந்தால் அவை ஒரே மூலக்கூறு ஆகிவிடுகின்றன. அது மூன்றாவதோடு இணையும், பிறகு நான்காவதோடு. இணைந்த முனைகளின் விகிதம், கைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வரும் எண்ணில் ஒரு பங்கை எட்டும்போது குடுவை முழுவதும் ஒரே வலையாகி உறைந்துவிடும் என்பது ஃப்ளோரி, ஸ்டாக்மேயர் கோட்பாடு. நான்கு கைகளுக்கு அந்த எல்லை 33 சதவீதம், அவ்வளவு மோசமாக எந்த வினையும் நடக்காது. ஆறு கைகளுக்கு 20. இருபத்தொரு கைகளுக்கு வெறும் 5 சதவீதம். நேர்ச் சங்கிலியில் கண்ணுக்கே படாத ஒரு குறை, இங்கே குடுவையையே கெட்டியாக்கிவிடும்.

ஆகவேதான் மையத்திலிருந்து வளர்க்கும் வழியில் எல்லா நுணுக்கங்களும் ஒரே இலக்கை நோக்கிப் போகின்றன. ஒற்றைப்படியில் சிறு பகுதி மட்டும் வினைப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். மிச்ச ஒற்றைப்படியைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தும் செலவைச் சகித்துக்கொள்ள வேண்டும். ஏடிஆர்பியில் தொடக்கத்திலேயே கொஞ்சம் இரண்டாம் நிலைத் தாமிரத்தைச் சேர்த்து உறக்கத்தை ஆழமாக்கலாம். வெப்பநிலையைக் குறைக்கலாம். ஒற்றைப்படியின் இயல்பும் பேசும். ஸ்டைரீன் தனி உறுப்புகள் சந்தித்தால் பெரும்பாலும் இணைந்துகொள்ளும். மெத்தில் மெத்தக்ரிலேட் தனி உறுப்புகள் பெரும்பாலும் ஒரு ஹைட்ரஜனைக் கைமாற்றிக்கொண்டு பிரிந்துபோகும், அதனால் கை வளர்ச்சி நின்றாலும் நட்சத்திரங்கள் ஒட்டிக்கொள்வதில்லை. பல கை மெத்தக்ரிலேட் நட்சத்திரங்கள் ஒப்பீட்டளவில் சுமுகமாக வருவதற்கு இது முக்கியக் காரணம். நெருக்கமான மையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருபத்தொரு தொடக்கிகளும் ஒரே நேரத்தில் வினையைத் தொடங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அருகருகே நிற்பதால் சில பின்தங்கும், சில தொடங்காமலே போகும்.

எதிர்த்திசையில் யோசித்தவர்கள் கைகளை முதலில் வளர்த்து வைத்துக்கொண்டார்கள். ஏடிஆர்பியில் வளர்த்த நேர்ச் சங்கிலியைச் சுத்தம் செய்து, அதன் உறங்கும் முனைக்கு டைவினைல்பென்சீன் போன்ற இரட்டை வினைல் மூலக்கூறை ஊட்ட வேண்டும். முனைகளில் சிறு குறுக்குப்பிணைப்புத் துண்டுகள் வளர்ந்து, ஒன்றையொன்று பிடித்து, நடுவில் ஒரு நுண்ணிய வலைமுடிச்சு உருவாகும். கைகள் அதிலிருந்து நாலா திசையிலும் நீட்டி நிற்கும். எதிரயனிக் காலத்து உத்தியே இது. 1999இல் மாத்தியாஷெவ்ஸ்கி குழு அதை ஏடிஆர்பிக்குக் கொண்டுவந்தது. இங்கே தனி உறுப்பு இருப்பது நட்சத்திரத்தின் நடுவில். சுற்றிலும் கைகள் அடர்ந்து நிற்பதால் ஒரு நட்சத்திரத்தின் தனி உறுப்பு இன்னொன்றின் தனி உறுப்பைத் தொடுவது கடினம். வெளியே இருந்த ஆபத்து உள்ளே மறைக்கப்பட்டுவிடுகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை எண்ணிக்கை. எத்தனை கைகள் சேரும் என்பது கை நீளம், குறுக்குப்பிணைப்பியின் விகிதம், நேரம் ஆகியவற்றைப் பொறுத்த சராசரி மட்டுமே. ஒரு மூலக்கூறில் பதினைந்து இருக்கும், பக்கத்ததில் முப்பது இருக்கும். சேராமல் நின்றுவிட்ட கைகளும் கலவையில் மிஞ்சும். குறுக்குப்பிணைப்பியைக் கூட்டினால் மிச்சம் குறையும், ஆனால் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். இந்த இழுபறியைத் தளர்த்தியது 2000களின் நடுவில் ஹைஃபெங் காவோவும் மாத்தியாஷெவ்ஸ்கியும் செய்த ஒரு சிறு மாற்றம். தொடக்கி முனையுள்ள கைக்குப் பதிலாக, இரட்டைப் பிணைப்பு முனையுள்ள கைகளையும் தனியே ஒரு சிறு தொடக்கியையும் சேர்த்தார்கள். கைகளின் எண்ணிக்கையும் தனி உறுப்புத் தொடங்கும் இடங்களின் எண்ணிக்கையும் இவ்வாறு பிரிந்துவிட்டதால், மையத்தில் நெரிசல் குறைந்து, மூலக்கூறு எடைகளின் ஏற்றத்தாழ்வைக் காட்டும் பரவல் எண் 1.2க்கும் கீழே உள்ள நட்சத்திரங்கள் கிடைத்தன. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் யோசனைகளில் இது ஒன்று. புதிய வேதிப்பொருள் எதுவும் இல்லாமல், எதை எதோடு கோப்பது என்ற வரிசையை மட்டும் மாற்றிச் சாதித்தது.

கைகளை முதலில் செய்யும் வழிக்கு ஒரு பரிசும் உண்டு. வலைமுடிச்சுக்குள் உறங்கும் முனைகள் உயிரோடு இருக்கின்றன. வேறொரு ஒற்றைப்படியை ஊட்டினால் அங்கிருந்து இரண்டாம் தலைமுறைக் கைகள் வெளிநோக்கி வளரும். இரு வேறு இயல்புள்ள கைகள் ஒரே மையத்தில் நிற்கும் கலப்புக் கை நட்சத்திரங்கள் இப்படிப் பிறக்கின்றன. ஆனால் அந்த இரண்டாம் வளர்ச்சியில் தனி உறுப்பு மறுபடி வெளியே வருகிறது, பழைய ஆபத்தும் கூடவே வருகிறது.

மூன்றாவது வழி, கைகளையும் மையத்தையும் தனித்தனியே முடித்துவிட்டுத் திறமையான ஒரு வினையால் ஒட்டுவது. 2002 வாக்கில் தாமிர வினையூக்கத்தில் அசைடும் ஆல்கைனும் சேரும் கிளிக் வினை பரவியதும் இது எளிதாயிற்று. மூன்று, நான்கு கைகளுக்கு நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் ஏற்கெனவே ஒட்டிய கைகளே புதிய கைக்கு வழிமறிக்கும். பெரிய எண்ணிக்கைக்கு இந்த வழியை நான் நம்ப மாட்டேன்.

ராஃப்ட் தருவது வேறு வகையான விடை. கந்தகத் தொகுதிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று பிரிந்து போகும் பக்கம், மற்றது நிலைத்து நிற்கும் பக்கம். பிரிந்து போகும் பக்கத்தை மையத்தோடு கட்டினால், தனி உறுப்பு கைகளின் வெளிமுனையில் வளரும். ஏடிஆர்பியில் பார்த்த அதே நிலைமை, அதே ஒட்டல். நிலைத்து நிற்கும் பக்கத்தை மையத்தோடு கட்டினால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. கை மையத்தைவிட்டுப் பிரிந்து, கரைசலில் தனியே வளர்ந்து, பிறகு மையத்துக்குத் திரும்பிவந்து கந்தகத்தோடு பிணைந்துகொள்ளும். அதன் இடத்தில் இன்னொரு கை கிளம்பும். நட்சத்திரத்தின் மேல் தனி உறுப்பு வளர்வதே இல்லை. இரண்டு தனி உறுப்புகள் சந்தித்து அழிந்தால், சாவது வெளியே அலைந்துகொண்டிருந்த நேர்ச் சங்கிலிகள். மையத்தின் கை எண்ணிக்கை குறைவதில்லை, நட்சத்திரங்கள் ஒட்டுவதும் இல்லை.

பிழை நட்சத்திரத்துக்குள் சேராமல் கரைசலில் தங்கிவிடுகிறது என்பதுதான் இங்கே பெரிய விஷயம். கரைசலில் தங்கிய பிழையை வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். நட்சத்திரத்துக்குள் பிணைந்த பிழையைப் பிரிக்க முடியாது. இந்த வழிக்கும் எல்லை உண்டு. கைகள் நீள நீள மையம் அவற்றின் நிழலில் மறைந்துபோகும். திரும்பிவரும் கை கந்தகத் தொகுதியை எட்ட முடியாமல் வெளியிலேயே செத்துப்போகும், ஆகவே மிக நீண்ட கைகளுக்கு இது ஒத்துவராது. அதோடு ஒவ்வொரு கையையும் பிடித்திருப்பது ஒரு கந்தகப் பிணைப்பு. அமீன் பட்டால் அறுந்துவிடும்.

சங்கிலி முனையை எப்படி எழுப்புவது என்பதில் வந்த முன்னேற்றங்களும் நட்சத்திரத்துக்குக் கை கொடுத்தன. தொடக்கக் கால ஏடிஆர்பியில் ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு தாமிர அயனி தேவைப்பட்டது. பலபடி பச்சை நிறத்தில் வரும், தாமிரத்தை நீக்குவது பெரும்பாடு. 2006 வாக்கில் அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஒடுக்கிகளைக் கொண்டு தாமிரத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும் முறைகள் வந்து, அதன் அளவு பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகளாகக் குறைந்தது. பிறகு மின்சாரம், ஒளி ஆகியவற்றாலும் இதே வேலையைச் செய்துகாட்டினார்கள். சிட்னியில் சிரில் பாயர் 2014இல் ஒளிவினையூக்கிகளைக் கொண்டு ராஃப்டை இயக்கினார்.

இனி இரண்டாவது கேள்வி. செய்தது நட்சத்திரம்தானா?

பெரும்பாலான கட்டுரைகள் காட்டும் சான்று ஜிபிசி வரைகோடு. நுண்துளைகள் நிறைந்த நிரலின் வழியே மூலக்கூறுகளை ஓடவிட்டு, பருமனுக்கு ஏற்ப அவை வெளிவரும் நேரத்தை அளப்பார்கள். குறுகலான ஒற்றை முகடு வந்தால் வேலை சரியாக நடந்தது என்று எழுதிவிடுவார்கள். இதில் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. முதலாவது பலருக்கும் தெரிந்தது. நிரல் அளப்பது பருமனை, எடையை அல்ல. நட்சத்திரம் ஒடுங்கி இருப்பதால், நேர்ப் பாலிஸ்டைரீனைக் கொண்டு அளவு குறித்த நிரல் அதன் எடையைக் குறைத்துச் சொல்லும். ஒளிச்சிதறல் உணரியை இணைத்தால்தான் உண்மை எடை தெரியும்.

இரண்டாவது ஏமாற்றம் நுட்பமானது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஒரு மூலக்கூறில் பல கைகள் இருக்கும்போது, நீண்ட கையும் குட்டைக் கையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. தனிக் கையின் பரவல் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, வருவதைக் கைகளின் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஒன்றைக் கூட்டினால் நட்சத்திரத்தின் பரவல் எண் கிடைக்கும். தனிக் கைகளின் பரவல் எண் 1.5, அதாவது கட்டுப்பாடு சரியில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆறு கை நட்சத்திரத்தின் பரவல் எண் 1.08 என்று வரும். பார்க்கிறவர் மெச்சிவிடுவார். ஷேஃப்ஜெனும் ஃப்ளோரியும் 1948லேயே, பரவல் எண் இரண்டு உள்ள கைகளைச் சேர்த்தாலும் நட்சத்திரத்தின் பரவல் சுருங்கிவிடும் என்று கணித்துக் காட்டியிருந்தார்கள்.

இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைகளின் சமமின்மையை நட்சத்திரம் மறைக்கிறது, கைகளின் அழிவைப் பெருக்குகிறது. இந்த இரண்டும் ஒரே குடுவையில் ஒரே நேரத்தில் நடப்பதால், முகட்டின் அகலத்தை மட்டும் பார்த்துக் கட்டுப்பாட்டை மதிப்பிடுவது தவறு. அதிக எடைப் பக்கத்தில் ஒரு சிறு தோள் தெரிகிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அது இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டியதன் அடையாளம்.

உறுதியான சோதனை கைகளை வெட்டிப் பார்ப்பது. மையத்தை எஸ்டர் பிணைப்பால் கட்டியிருந்தால் காரத்தில் நீராற்பகுத்துக் கைகளைப் பிரிக்கலாம். பாலிஸ்டைரீன் கைகள் அதற்கு அசையாமல் நிற்கும். பிரிந்த கைகளை ஜிபிசியில் ஓட்டினால் பல உண்மைகள் ஒருசேர வெளிப்படும். கைகளின் உண்மையான பரவல் தெரியும். நட்சத்திரத்தின் எடையைக் கையின் எடையால் வகுத்தால் எண்ணிக்கை தெரியும், எல்லாத் தொடக்கிகளும் வேலை செய்தனவா என்பதும் புலப்படும். கையின் எடைக்குச் சரியாக இரு மடங்கில் இன்னொரு முகடு இருந்தால், அது முனையோடு முனை இணைந்த கைகளுடையது. ஒரே நட்சத்திரத்தின் இரண்டு கைகள் தமக்குள் இணைந்து வளையமாகிவிட்டாலும் இந்த முகட்டில் அகப்பட்டுவிடும். வெட்டுவதற்கு முன் எந்தக் கருவியாலும் காண முடியாத குறை அது. மையத்திலிருந்து வளர்த்த நட்சத்திரம் குறித்து எழுதும் எந்த ஆய்வும் இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். செய்யாத கட்டுரையில் சொல்லப்படும் கை எண்ணிக்கையை மையத்தில் இருந்த தொடக்கிகளின் எண்ணிக்கை என்று மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

எண்ணிக்கை எல்லோருக்கும் வேண்டியதில்லை. எஞ்சின் எண்ணெயில் நட்சத்திரப் பலபடிகள் வெகுகாலமாகவே இருக்கின்றன. ஷெல் நிறுவனம் ஷெல்விஸ் என்ற பெயரில் விற்ற ஹைட்ரஜனேற்றிய பாலிஐசோபிரீன் நட்சத்திரங்கள் எதிரயனி வழியில் வந்தவை. பின்னர் லூப்ரிசால் நிறுவனம் ராஃப்ட் வழியில் செய்த மெத்தக்ரிலேட் நட்சத்திரங்களை ஆஸ்டெரிக் என்ற பெயரில் கொண்டுவந்தது. குளிரில் எண்ணெய் ஓட வேண்டும், சூட்டில் நீர்த்துப்போகக் கூடாது. அதற்காகச் சேர்க்கும் பலபடி, பல்சக்கரங்களுக்கு நடுவே நசுங்கித் துண்டாவதுதான் நடைமுறைத் தொல்லை. நேர்ச் சங்கிலி பெரும்பாலும் நடுவில் அறுந்து எடையில் பாதியை இழக்கும். நட்சத்திரம் ஒரு கையை இழந்தாலும் மற்றக் கைகள் வேலை செய்துகொண்டிருக்கும். இங்கே ஒரு மூலக்கூறில் பதினைந்து கையும் மற்றொன்றில் இருபது கையும் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. கைகளை முதலில் செய்யும் வழி, மிச்சக் கைகளோடு சேர்த்தே போதுமானது.

வினையூக்கத்திலும் அப்படித்தான். 2003இல் சவமோட்டோ குழு, நட்சத்திரத்தை வளர்த்த அதே ருத்தேனிய வினையூக்கியை, அதைப் பிடிக்கும் பாஸ்ஃபீன் தொகுதிகளைக் கொண்டு, மைய வலைக்குள்ளேயே சிறைப்படுத்தியது. பலபடியைச் செய்த உலோகம் பிறகு மையத்தில் அமர்ந்து வேறு வினைகளை நடத்தியது. 2005இல் ஃப்ரேஷே, ஹாக்கர் குழுவினர் ஒரு நட்சத்திரத்தின் மையத்தில் அமிலத்தையும் இன்னொன்றின் மையத்தில் காரத்தையும் வைத்து, இரண்டையும் ஒரே குடுவையில் இட்டார்கள். சாதாரணமாக அமிலமும் காரமும் கலந்த கணத்தில் ஒன்றையொன்று முடக்கிவிடும். இங்கே ஒரு மையம் இன்னொரு மையத்தைத் தொடவிடாமல் கைகள் தடுத்தன. இரண்டும் தத்தம் வினையை அடுத்தடுத்து நடத்தின. நட்சத்திரங்கள் ஒட்டாமல் தடுப்பதற்காகப் பயன்பட்ட அதே மறைப்பு, இங்கே ஒரு புதிய வேதியியலாகிவிட்டது. இந்தத் துறையில் வந்த அத்தனை சோதனைகளிலும் மிக அழகானது எதுவென்று என்னைக் கேட்டால் இதையே சொல்வேன்.

மருந்தியலில் நிலைமை வேறு. மருந்தை ஏந்தும் சாதாரண மைசெல்கள் பல சங்கிலிகள் கூடி அமைவதால் இரத்தத்தில் நீர்த்ததும் கலைந்துபோகும். நட்சத்திரம் ஒற்றை மூலக்கூறு, கலையாது. பாலிஎத்திலீன் கிளைக்கால் கைகளும் நேர்மின்சுமை கொண்ட மையமும் உள்ள நட்சத்திரங்களில் குறு ஆர்என்ஏக்களை ஏற்றி உயிரணுவுக்குள் செலுத்தும் முயற்சிகள் கார்னெகி மெலனில் நடந்தன. மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் கிரெக் ச்சியாவ் குழு 2016இல் அறிவித்த 16 கை, 32 கை பெப்டைடு நட்சத்திரங்கள், பல மருந்துகளுக்கும் மசியாத பாக்டீரியாக்களைக் கொன்றன. அவை தனி உறுப்பால் அல்ல, வளையத் திறப்புப் பலபடியாதலால் வளர்ந்தவை என்பது நம் விவாதத்துக்கு முக்கியம். கைகளின் எண்ணிக்கை குறிப்பிட்டு வேண்டியிருந்த இடத்தில், அவர்கள் முனைகள் ஒன்றோடொன்று இணைந்து அழியும் சிக்கல் இல்லாத வேதியியலைத் தேர்ந்தெடுத்தார்கள். மருந்தாகப் போகும் பொருள் தொகுதிக்குத் தொகுதி ஒன்றாகவே இருக்க வேண்டும். பதினைந்திலிருந்து முப்பதுவரை என்ற சராசரியை அங்கே ஏற்க மாட்டார்கள்.

தனி உறுப்பு வழிக்கு இன்னொரு தடையும் உண்டு. வினைல் பலபடிகளின் முதுகெலும்பு கார்பன்-கார்பன் பிணைப்புகளால் ஆனது. உடல் அதை உடைக்க முடியாது. சிறுநீரகம் வெளியேற்றும் அளவுக்குக் குட்டையான கைகளை வைத்து, மையத்தை டைசல்ஃபைடு கொண்ட குறுக்குப்பிணைப்பியால் கட்டினால், உயிரணுவுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் மையத்தைக் கரைத்துக் கைகளைப் பிரித்துவிடும். மையம் உடையும் நட்சத்திரங்கள் இப்படிப் பல ஆய்வகங்களில் செய்யப்பட்டுவிட்டன. கைகளையே உடைய வைக்கும் வழி 2019இல்தான் பரவலாகத் திறந்தது. தயோனோலாக்டோன் என்னும் கந்தக வளையத்தை அக்ரிலேட்டுகளோடு சிறிது கலந்து ராஃப்டில் பலபடியாக்கினால் வளையம் திறந்து, சங்கிலியின் நடுநடுவே தயோஎஸ்டர் பிணைப்புகள் பதிந்துவிடும். அமீன்களோ தயோல்களோ பட்டால் சங்கிலி அந்த இடங்களில் அறும். இந்த மூட்டுகளைக் கைகளுக்குள் வைத்து வளர்க்கும்போது, நிலைத்து நிற்கும் பக்கத்தால் மையத்தோடு கட்டிய ராஃப்ட் நட்சத்திரத்துக்கு ஒரு கூடுதல் நெருக்கடி வருகிறது. கையை மையத்தோடு பிடித்திருப்பதும் கந்தகம், கையை உடையச் செய்வதும் கந்தகம், இரண்டையும் அறுப்பது அதே அமீன். எது முதலில் அறும் என்பதைத் தீர்மானிக்கும் வேதியியலை வடிவமைப்பதே இந்தத் துறையில் அடுத்து நடக்க வேண்டிய வேலை.